கதவைச் சுரண்டித் தாள் செய்கிறவள்

பகல் இரண்டு மணிக்கு மேல் எங்கள் தெரு ஒரு அரை மணி நேரம் அடங்கும். மீன்கூடைக்காரர்கள் போயிருப்பார்கள், பள்ளி ஆட்டோக்கள் இன்னும் வந்திருக்காது. அந்த நேரத்தில் ராயபுரத்து வீட்டின் பின்கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கதவிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வரும். நகத்தால் அட்டையைக் கீறுவது போன்ற சத்தம். எழுந்து போய்ப் பார்த்தேன். இடுப்பு ஒடுங்கிய, செம்பழுப்பு நிறக் குளவி ஒன்று பலகையில் ஒட்டிக்கொண்டு, பின்பக்கமாக நகர்ந்தபடியே மரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அது நகர்ந்த தடத்தில் வெளிறிய கோடு ஒன்று விழுந்திருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் கதவு முழுக்கவே அப்படிக் கோடுகள். எத்தனை நாளாக நடக்கிறதோ இந்தக் கொள்ளை!

நான் ஆண்டர்சன் தெருவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாள் விற்றவன். விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தே இது 70 ஜி.எஸ்.எம்., இது 80 என்று சொல்லிவிடுவேன் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு அது). அதனால், அந்தக் குளவி சுரண்டியதை உருண்டையாக்கி வாயில் கவ்விக்கொண்டு சன்னல் சன்ஷேடுக்கு அடியில் போய் ஒட்டியதைப் பார்த்ததும் எனக்குத் தொழில்முறை ஆர்வம் வந்துவிட்டது. காய்ந்து உதிர்ந்து கிடந்த பழைய கூட்டின் ஒரு துண்டை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். அசல் தாள். மெல்லியது, சாம்பல் நிறம், கிழித்தால் ஓரத்தில் நார் தெரிகிறது. குளவிகள் தாள் செய்கின்றன என்று எங்கோ படித்திருக்கிறேன். கையில் வைத்துத் தேய்க்கும்வரை அதை ஒரு உவமை என்றுதான் நினைத்திருந்தேன்.

தாள் என்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரத்துக்குள் செல்லுலோஸ் என்ற நார்கள் இருக்கின்றன. அந்த நார்களை ஒன்றோடொன்று கட்டிப்பிடித்து மரத்தை நிமிர்ந்து நிற்கவைப்பது லிக்னின் என்ற பொருள். தாள் ஆலையில் மரத்துண்டுகளை ரசாயனம் ஊற்றி வேகவைப்பது இந்த லிக்னினைக் கழற்றத்தான். கழன்ற நாரை நீரில் அலையவிட்டு, சல்லடையில் படியவைத்து, பிழிந்து உலர்த்தினால் தாள். செய்தித்தாளுக்கான மலிவான தாளில் லிக்னினை முழுக்க எடுப்பதில்லை; அதனால்தான் வெயிலில் கிடந்த செய்தித்தாள் சீக்கிரம் மஞ்சளாகிறது. கடையில் இதை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது.

குளவியிடம் கொதிகலன் இல்லை, காஸ்டிக் சோடா இல்லை. அதன் வேலையில் பாதியை வெயில் முன்பே செய்து வைத்திருக்கிறது. வர்ணம் பூசாத மரம் ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்றால், சூரியனின் புறஊதாக் கதிர்கள் மேற்பரப்பில் உள்ள லிக்னினைச் சிதைக்கின்றன. மழை அதைக் கழுவிவிடுகிறது. மிஞ்சுவது தளர்ந்துபோன, சாம்பல் பூத்த நார். பழைய கதவைத் தடவினால் கையில் பஞ்சு போல ஒட்டுமே, அதுதான் குளவியின் மூலப்பொருள். புது மரத்தையோ பெயின்ட் அடித்த மரத்தையோ அது பெரும்பாலும் சீண்டுவதில்லை. வெயிலுக்கும் பழங்கதவுக்கும் வடசென்னையில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. காசிமேட்டில் பழுதுக்கு ஏற்றிவைத்த பழைய மரப்படகுகளின் விளிம்பிலும் இதே வெளிறிய கோடுகளைப் பார்த்திருக்கிறேன். இப்போது அங்கே ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. ஃபைபர் என்றால் நார் என்று பொருளாம்; அந்த நார் குளவிக்கு ஆகாது.

சுரண்டிய நாரைக் குளவி உமிழ்நீரோடு சேர்த்து மென்று கூழாக்குகிறது. அந்த உமிழ்நீரில் உள்ள புரதம் காய்ந்ததும் இறுகிப் பசையாகவும், ஓரளவுக்கு நீர் புகாத பூச்சாகவும் மாறிவிடுகிறது. கூட்டுக்கு வந்து, கட்டிக்கொண்டிருக்கும் சுவரின் விளிம்பில் இந்தக் கூழை ஒரு பட்டையாக இழுத்து ஒட்டி, தாடையால் நசுக்கி நசுக்கி மெல்லியதாக்குகிறது. ஒரு உருண்டைக்கு ஒரு பட்டை. கூட்டை உற்றுப் பார்த்தால் அந்தப் பட்டைகளை எண்ணிவிடலாம்: சாம்பல், இளம்பழுப்பு, மறுபடி சாம்பல். எங்கள் கதவிலிருந்து ஒரு நடை, எதிர்வீட்டுப் பந்தல் மூங்கிலிலிருந்து ஒரு நடை என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் உயிரியல் மாணவர் ஒருவர், வளர்ப்புக் கூண்டில் இருந்த குளவிகளுக்கு மரத்துக்குப் பதிலாக வண்ணத் தாள்களைக் கொடுத்திருக்கிறார். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக வானவில் கூடுகளையே கட்டித் தந்துவிட்டன.

மனிதன் மரத்திலிருந்து தாள் செய்யலாம் என்ற யோசனைக்கும் குளவிக்கும் தொடர்பு உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் கந்தல் துணியை ஊறவைத்து இடித்துத்தான் தாள் செய்தார்கள். கந்தலுக்குத் தட்டுப்பாடு. 1719இல் ரெயோமூர் என்ற பிரெஞ்சு அறிஞர், குளவிகள் கந்தல் இல்லாமல் மரத்திலிருந்தே அருமையான தாள் செய்கின்றனவே, நாமும் ஏன் முயலக்கூடாது என்று அங்குள்ள அறிவியல் கழகத்தில் எழுதிக் கொடுத்தார். அவரும் செய்து பார்க்கவில்லை, மற்றவர்களும் அவசரப்படவில்லை. ஜெர்மனியில் கெல்லர் என்பவர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டது 1840களில். நூற்றாண்டுக்கும் மேலாகக் கந்தல் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம், சன்னலுக்கு மேலே பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் குளவி என்று ஒரே பெயர்தான். போதாததற்கு ழகரம் எங்கள் தெருவில் ளகரமாகிவிடும் என்பதால், மாடி வீட்டு அக்கா “குளவி” என்றால் பூச்சியா, கைக்குழந்தையா, ஆட்டுக்கல்லில் சுற்றுகிற கல்லா என்று இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

பூச்சிகளுக்குள்ளேயே மூன்று வகையைப் பிரித்தறிவது அவசியம். சுவர் மூலையிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் மண் உருண்டை ஒட்டுவது மண்குளவி. அது தனியாள். அது கூடு வைத்தால் வீட்டில் யாரோ பிள்ளை உண்டாகியிருக்கிறார்கள் என்று எங்கள் அம்மா கலைக்கவே விடமாட்டார். “கொட்டக் கொட்டக் குளவி” என்று பெரியவர்கள் சொல்வதும் இந்த மண்குளவியை வைத்துத்தான். ஒரு புழுவைக் கூட்டில் அடைத்து, கொட்டிக் கொட்டியே அதைத் தன்னைப் போல் குளவியாக்கிவிடும் என்பது நம்பிக்கை. குருவும் சீடனும் பற்றிப் பேசும்போது உதாரணமாகச் சொல்வார்கள். பார்த்தவர்கள் தவறாகப் பார்க்கவில்லை: உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. நடுவில் நடப்பதுதான் வேறு. குளவி கொட்டுவது புழுவைச் சாகாமலும் அசையாமலும் வைத்திருக்க. கூடவே ஒரு முட்டையிட்டு அறையை மூடிவிடுகிறது. பொரித்து வரும் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்கிறது. சிலவகை மண்குளவிகள் புழுவுக்குப் பதில் சிலந்தியை அடைக்கும். மொத்தத்தில், மண்குளவி கட்டுச்சோறு கட்டிவைத்துவிட்டுப் போய்விடுகிற தாய்.

இரண்டாவது எங்கள் கதவைச் சுரண்டுகிறவள், காகிதக் குளவி. இவள் வேளைக்கு வேளை ஊட்டுகிற தாய். அறையை மூடுவதில்லை, ஊரைவிட்டுப் போவதுமில்லை. கூடும் அப்படியே திறந்து கிடக்கும். கவிழ்த்து வைத்த தாமரைக்காய் போல, கண்ணறைகள் கீழ்நோக்கிப் பார்த்தபடி.

மூன்றாவது கதண்டு, சில ஊர்களில் கடந்தை. உருவில் பெரியது. அதுவும் தாள்தான் செய்கிறது. ஆனால் அடுக்கடுக்காகக் கட்டி, மேலே தாளாலேயே உறை போட்டு, ஒரு வாசல் மட்டும் விட்டுப் பானை போல மூடிவிடும். கதண்டு கொட்டி உயிரிழப்பு என்று செய்தித்தாளில் வருவதைப் படித்துவிட்டு, சன்ஷேடுக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் தொங்கும் திறந்த கூட்டைப் பார்த்து நடுங்குபவர்கள் உண்டு. அறைகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா, உறை மூடியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் எதன் கூடு என்பது தெரிந்துவிடும்.

சரி, சன்ஷேடுக்குப் போவோம். தொடக்கத்தில் அங்கே இருந்தது ஒரு காம்பு மட்டும். வத்திக்குச்சியைவிட மெல்லியது, கறுத்து, எண்ணெய் தடவியது போல் பளபளத்தது. மொத்தக் கூடும் அந்த ஒற்றைக் காம்பில்தான் தொங்கப்போகிறது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கூட்டுக்கு நாளெல்லாம் உள்ள எதிரி எறும்பு. முட்டையையும் புழுவையும் எறும்பு மோப்பம் பிடித்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. மீன் குழம்புச் சட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வைப்போமே, பூனைக்குப் பயந்து உறியில் ஏற்றுவோமே, அந்த இரண்டு உபாயத்தையும் குளவி ஒரே காம்பில் செய்துவிடுகிறது. வழி ஒன்றே ஒன்று, அதுவும் மிக ஒடுங்கியது. போதாக்குறைக்குக் காகிதக் குளவி இனங்கள் பலவற்றில் வயிற்றின் அடிப்பக்கத்துச் சுரப்பியிலிருந்து ஒரு பொருளைக் காம்பில் தேய்த்துவிடும். எறும்புக்கு அந்த வாடை ஆகாது. கூடு கனக்கக் கனக்க, காம்பிலும் மேலும் மேலும் கூழைப் பூசித் தடிப்பாக்கிக்கொள்கின்றன.

காம்பின் நுனியில் ஒரு அறை. அதன் பக்கத்தில் இன்னொன்று. தனியாக இருக்கும்வரை அறை உருண்டையாகத்தான் இருக்கிறது. பக்கத்து அறையோடு சுவரைப் பங்கு போடத் தொடங்கியதும் மூலைகள் தோன்றி, ஆறு பக்கமாகிறது. ஓரத்து அறைகளின் வெளிப்பக்கம் பெரும்பாலும் வளைவாகவே இருப்பதை இப்போதும் பார்க்கலாம். ஏன் ஆறு? என் பேத்தி கேட்ட கேள்வி இது. தரையில் டைல்ஸ் பதிக்கிறவரைக் கேட்டால் சொல்வார்: ஒரே வடிவ, ஒரே அளவுள்ள சீர்த்துண்டுகளால் இடைவெளி விடாமல் தரையை நிரப்ப வேண்டுமானால் முக்கோணம், சதுரம், அறுகோணம் என்ற மூன்றுதான் வழி. ஒவ்வொரு அறையும் ஒரே பரப்பு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், சதுர அறைகளுக்கு 100 அடி சுவர் செலவாகும் இடத்தில் முக்கோணத்துக்கு 114 அடி ஆகும், அறுகோணத்துக்கு 93 அடி போதும். நூற்றுக்கு ஏழு மிச்சம். தாள் வியாபாரத்தில் நூற்றுக்கு ஏழு தள்ளுபடி கிடைத்தால் அன்றைக்கு வீட்டுக்கு ஜிலேபி வாங்கிப் போவோம்.

குளவி கணக்குப் போடுவதில்லைதான். சுவரைக் கட்டும்போது அதன் உணர்கொம்புகள் இரண்டும் பக்கத்து அறைச் சுவர்களைத் தட்டித் தட்டித் தடவிக்கொண்டே இருக்கின்றன. கொத்தனார் கையில் தூக்குக்குண்டு எதற்கோ, அதற்கு அந்தக் கொம்பு.

அறை முழுதாக எழும்பும்வரை முட்டை காத்திருப்பதில்லை. சுவர் கால்வாசி வந்ததுமே அடியில் ஒரு முட்டை ஒட்டப்பட்டுவிடுகிறது. குழந்தை வளர வளரச் சுவரும் உயர்கிறது. கூட்டுக்கு அடியில் கைபேசியை நீட்டிப் படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு குடியிருப்பின் நிலவரமே தெரியும். சில அறைகளில் அரிசி நொய் போல முட்டை. சிலவற்றில் வெள்ளைப் புழு, கொழுகொழுவென்று, தலை கீழே. சிலவற்றின் வாய் வெள்ளை மூடியால் அடைபட்டிருக்கும். அந்த மூடி மட்டும் தாள் கிடையாது. உள்ளே இருக்கும் புழு தானே நூற்ற பட்டு. அதற்குள் கூட்டுப்புழுவாகி, குளவியாகி, மூடியைக் கடித்துக்கொண்டு வெளியே வரும். மூடி போட்ட அறைகள் நிறைய இருந்தால், இன்னும் சில நாளில் கூட்டில் ஆள் கூடப்போகிறது என்று அர்த்தம். இன்னொரு செய்தி, சாப்பிடும்போது படிக்கிறவர்கள் மன்னிக்க: புழுவாக இருக்கும் நாளெல்லாம் அது கழிவையே வெளியேற்றாது. கூட்டுப்புழுவாகும் சமயத்தில் மொத்தத்தையும் ஒரே தடவையில் தீர்த்துவிடும். தலைகீழாகத் தொங்கும் வீட்டில் வேறு என்ன செய்ய முடியும்?

புழுக்களுக்கு வேண்டியது கறி. எங்கள் மொட்டை மாடித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிட்டால் பச்சைப் புழுக்கள் ஒரு வாரத்தில் செடியை மொட்டையாக்கிவிடும். ஒரு நாள் காலை, குளவி ஒன்று அந்தப் புழுவின் மேல் உட்கார்ந்து அதைக் கைமா போட்டுக்கொண்டிருந்தது. தோலைத் தள்ளி, சதையை மென்று உருண்டை பிடித்து, கூட்டுக்குப் பறந்தது. அங்கே மற்றவர்களோடு பங்கு போட்டு, ஒவ்வொரு அறையாகத் தலையை நுழைத்து ஊட்டியது. வளர்ந்த குளவிக்கு அந்தக் கறி பயன்படாது. அந்த ஒடுங்கின இடுப்பு வழியே திடப்பொருள் இறங்காது. அதற்குத் தேனும் பழச்சாறும்தான். புழுக்களும் வாங்கித் தின்பதோடு நிற்பதில்லை. வளர்ந்தவர்கள் தட்டிக் கேட்டால் வாயிலிருந்து ஒரு சொட்டு நீர் தருகின்றன. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கலந்த சத்து நீர் அது. குழந்தைகளே சமையற்கட்டாக இருக்கும் வீடு.

கத்திரி வெயிலில் அவை வந்து உட்காருவது எங்கள் தண்ணீர் டிரம்மின் விளிம்பில். லாரித் தண்ணீரைப் பிடித்துவைக்கும் நீல டிரம். குடம் முக்க வருகிறவர்களுக்கு இதனால் எரிச்சல். தாகத்துக்கு மட்டும் வருவதில்லை அவை. வாய்நிறைய நீரைக் கொண்டுபோய்க் கூட்டின் மேல் துளித்துளியாக வைத்து, சிறகை விசிறிபோல் அடித்துக் காற்று வீசுகின்றன. நீர் ஆவியாகும்போது கூடு குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குதான். மழையில் இதற்கு நேரெதிர் வேலை. கூட்டில் ஈரம் ஏறினால் அதை உறிஞ்சி எடுத்து, விளிம்புக்கு வந்து வெளியே துப்புகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது நாங்கள் கீழ்த்தளத்தில் வாளியால் தண்ணீரை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தோம். சன்ஷேடுக்கு அடியிலும் அன்றைக்கு அதே வேலை நடந்திருக்க வேண்டும்.

இந்த வீட்டில் யார் எஜமானி என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. தென்னிந்தியாவில் நம் சன்னல்களில் அடிக்கடி பார்க்கும் காகிதக் குளவி இனங்களில் ஒன்றின் அறிவியல் பெயர் ரோபலிடியா மார்ஜினாட்டா. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடகர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகளாக இதைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு குளவியின் முதுகிலும் வெவ்வேறு வண்ணப் புள்ளி வைத்து, யார் என்ன செய்கிறார்கள் என்று மணிக்கணக்கில் குறித்துக்கொள்வது அவர்களுடைய முறை. தேனீயில் ராணியைப் பார்த்ததும் தெரியும்; உருவமே பெரிது. இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. ராணியும் வேலைக்காரியும் ஒரே அச்சு. நடத்தையிலாவது தெரியுமா என்றால், ராணிதான் கூட்டில் மிகச் சாதுவானவள். அதட்டலும் முட்டலும் செய்வது மற்றவர்கள். அவள் ஓரமாக உட்கார்ந்திருப்பாள், முட்டையிடுவாள். வேறொரு பெண்ணும் முட்டையிடாதபடி காப்பது அவள் உடலில் சுரக்கும் வாசனைப் பொருள்.

அந்த ராணியை ஆய்வாளர்கள் கூட்டிலிருந்து எடுத்துவிட்டால், அரை மணி நேரத்துக்குள் வேலைக்காரிகளில் ஒருத்தி மட்டும் திடீரென்று ஆவேசம் கொண்டவளாக மாறுகிறாள். மற்றவர்களை விரட்டுகிறாள், கடிக்கிறாள். யாரும் எதிர்ப்பதில்லை. எடுத்த ராணியைத் திரும்ப விட்டால் இவள் பழையபடி அடங்கிவிடுகிறாள். விடாவிட்டால், ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, பிறகு இவளும் சாதுவாகிவிடுகிறாள். அந்த ஒருத்தி யார் என்று ராணி இருக்கும்வரை ஆய்வாளர்களால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. குளவிகளுக்குள் அது முன்பே முடிவாகியிருப்பது போலத்தான் தெரிகிறது, போட்டியே நடப்பதில்லை. பெரிய கடைகளில் முதலாளி போனதும் நடப்பதைப் பார்த்தவன் என்ற முறையில், குளவிகளின் ஒழுங்கு எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஆண்கள்? பிறந்து ஒரு வாரம்போலக் கூட்டில் இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள், திரும்புவதில்லை. கருவுறாத முட்டையிலிருந்து ஆணும், கருவுற்ற முட்டையிலிருந்து பெண்ணும் பிறக்கிறார்கள். கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு மாறி வந்தது என்பதால் ஆணுக்குக் கொடுக்கு கிடையாது. உங்களைக் கொட்டியது எதுவானாலும் பெண்தான்.

இவ்வளவு ஏற்பாடும் ஒரே முற்பகலில் தீர்ந்துபோவதையும் பார்த்தேன். கறுத்த உடலில் அகன்ற மஞ்சள் பட்டையோடு ஒரு கதண்டு வந்து கூட்டில் இறங்கியது. கொட்டும், போராடும் என்று நான் எதிர்பார்த்த குளவிகள் அத்தனையும் பறந்துபோய்ச் சுவரில் உட்கார்ந்துகொண்டன. கதண்டு அறை அறையாகப் பிய்த்துப் புழுக்களை இழுத்துத் தின்றது. மூடி போட்ட அறைகளையும் விடவில்லை. இந்த வகைக் கதண்டு காகிதக் குளவிக் கூடுகளைக் குறிவைத்தே வேட்டையாடும். அதை எதிர்த்தால் உயிர்தான் போகும். ஒதுங்கிய குளவிகள் மறுபடி கட்டலாம். அவை கட்டவும் செய்தன, இரண்டு கை தள்ளி, புதிய காம்பிலிருந்து.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன்: கலைப்பதா, விடுவதா? காகிதக் குளவி தேடி வந்து கொட்டுவதில்லை. கூட்டை அசைத்தாலோ, முகத்துக்கு நேரே மூச்சு விட்டாலோ முதலில் சிறகைத் தூக்கி, உடம்பை உயர்த்தி நிற்கும். அது எச்சரிக்கை. அப்போது நகர்ந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. தேனீயின் கொடுக்கில் முள் உண்டு, மனிதத் தோலில் மாட்டிக்கொள்ளும். குளவிக்கு அப்படி மாட்டாது, ஒன்றே பலமுறை கொட்ட முடியும். சில இனங்களின் விஷத்தில் மற்றவற்றை உசுப்பிவிடும் வாசனையும் இருப்பதால், கூட்டருகே ஒன்றை அடித்துக் கொல்வது புத்திசாலித்தனம் இல்லை.

ஆளெட்டாத உயரத்தில் தொங்கினால் விட்டுவிடலாம் என்பது என் தீர்ப்பு. எல்லா இடத்திலும் அப்படிச் சொல்ல மாட்டேன். போன ஆண்டு எங்கள் மாடிப்படியில், மின்மீட்டர் பலகைக்குச் சற்று மேலே ஒரு கூடு தொடங்கியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருபவர் முகம் அங்கேதான் நீளும். குழந்தைகள் ஏறி இறங்கும் வழி வேறு. மாடி வீட்டு அக்கா கிருஷ்ணாயில் தோய்த்த துணியைக் கொம்பில் சுற்றிப் பற்றவைத்துக்கொண்டு வந்துவிட்டார். “அக்கா, மேலே மின்கம்பி போகிறது, தீயை அணைத்துவிட்டு வாருங்கள்” என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. “உனக்கென்ன தம்பி, உன் தலைக்கு மேலேயா தொங்குகிறது” என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. கூடு அப்போது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிது. ஆறேழு அறை, தாய்க்குளவி ஒன்றே ஒன்று. அவள் இரை தேடிப் போகும்வரை பொறுத்திருந்து, துடைப்பக் கட்டையால் காம்பைத் தட்டிவிட்டேன். திரும்பி வந்தவள் அந்த வெற்றிடத்தையே நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

கூடு இந்த நாணயப் பருவத்தில் இருக்கும்போது மட்டும்தான் இது ஒருவர் வேலை. உள்ளங்கை அகலமாகி, பத்து இருபது குளவிகள் மொய்க்கத் தொடங்கிவிட்டால் பழகியவர்களிடம் விடுவதே நல்லது. உறை போட்ட கதண்டுக் கூடு என்றால் பேச்சே இல்லை, தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

கொட்டிவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். விரல் என்றால் வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். எங்கள் பக்கத்தில் உடனே சுண்ணாம்பு டப்பாவைத் தேடுவார்கள். சுண்ணாம்பு தோலை அரிக்கும். அதுவும் கண்ணருகே வேண்டவே வேண்டாம். ஒரு கொட்டுக்கு வலியும் வீக்கமும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். மூச்சுத் திணறல், முகமோ நாக்கோ வீங்குதல், உடம்பெங்கும் தடிப்பு, தலைசுற்றல் என்று எது வந்தாலும் அது ஒவ்வாமை. அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும், அல்லது எங்களைப் போல் பக்கத்தில் இருந்தால் ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஆட்டோவில் ஏறிவிட வேண்டும். ஒரே சமயத்தில் நிறையக் கொட்டு வாங்கியவருக்கும் இதேதான்.

பொங்கலுக்குப் பின்கதவுக்கு பெயின்ட் அடித்தாக வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டார். பர்மாத் தேக்கு, அறுபது ஆண்டு வெயில் பார்த்தது, இந்தக் கோலத்தில் விடுவது வீட்டுக்கு அழகில்லை என்பது அவர் வாதம். பேத்தி என் கட்சி. மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பின் வலது பலகைக்கு மட்டும் பச்சை பெயின்ட் என்று முடிவாகியிருக்கிறது. பெயின்டர் காரணம் கேட்டார். இடது பலகை ஒருத்திக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.